14 வருடம் முடிந்தால் விடுதலையா?

கேள்வி: கொலை வழக்கில் என் மகனுக்கு ஆயுள் தண்டனை. அடுத்த மாதம் 14 வருடம் முடிகிறது. தானாக விட்டுவிடுவார்களா? (ஒரு தாய், கடலூர்)

இல்லை அம்மா. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்கத்தான். 1961-லேயே கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 14 என்ற கணக்கு 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த 433ஏ பிரிவால் வந்தது. தூக்குக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 வருடத்துக்கு முன் விடக்கூடாது என்கிறது அது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) அது 475-வது பிரிவு. எனவே 14 வருடம் என்பது விடுதலை நாள் இல்லை, பரிசீலனை தொடங்கும் நாள்.

ஆனால் அந்தப் பரிசீலனை உங்கள் மகனின் உரிமை. மாநில அரசின் முன்விடுதலைக் கொள்கைக்குள் ஒருவர் வந்தால், அவர் மனு கொடுக்காவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தாலும் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக ஒரு மனு கொடுத்து வையுங்கள். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வரும்போது, மகன் வந்தால் எங்கே தங்குவான், என்ன வேலை பார்ப்பான் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த அறிக்கைக்கு எடை உண்டு.

கேள்வி: விசாரணைக் கைதியாக இருந்த காலம், சிறைக் கழிவு, பரோல் எல்லாம் இந்த 14-ல் சேருமா?

விசாரணைக் காலம் சேரும். நன்னடத்தைக்குக் கிடைக்கும் கழிவு, அதாவது தண்டனைக் குறைப்பு நாட்கள், சேராது, 14 வருடமும் உள்ளே இருந்திருக்க வேண்டும். பரோல் நாட்களும் சேராது என்று 2023-ல் ஒரு கோவா வழக்கில் தீர்ப்பானது.

கேள்வி: அப்படியானால் 2018-ல் 10 வருடத்திலேயே பலரை எப்படி விட்டார்கள்?

எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்காக வந்த அரசாணை அது. பாலியல் வன்கொடுமை போன்ற சில குற்றங்களுக்கு அதில் இடமில்லை. ஆளுநருக்கு அரசியல் சாசனத்தின் 161-வது பிரிவு தரும், தண்டனையை மன்னிக்கவோ குறைக்கவோ செய்யும் அதிகாரத்தை 433ஏ தடுக்காது; அந்த வழியில்தான் விட்டார்கள். மாரு ராம் வழக்கில் 1980-லேயே முடிவான விஷயம். ஆளுநர் அமைச்சரவை சொல்வதைக் கேட்டாக வேண்டும். ஆனால் பேரறிவாளன் விஷயத்தில் 2018 செப்டம்பரில் அமைச்சரவை பரிந்துரைத்தும் முடிவு வரவில்லை. கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே, முழு நீதி வழங்கத் தனக்குள்ள 142-வது பிரிவின் கீழ் அவரை விடுவித்தது.

ஒரு மனிதர் வீடு திரும்புவது ஒரு தலைவரின் பிறந்தநாள் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்து இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தகுதி வந்த அன்றே அவருடைய கோப்பு நகர வேண்டும்.

கேள்வி: என் அப்பாவைக் கொன்றவர் வெளியே வரப்போகிறார் என்கிறார்கள். எங்களுக்கு எதுவும் சொல்ல வழியில்லையா?

உண்டு தம்பி. உங்கள் கேள்வியும் நியாயமானதுதான். விடுதலை ஆணை சட்டப்படி இல்லை என்றால் நீதிமன்றம் போகலாம். 2002 குஜராத் கலவரத்தில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி, குடும்பத்தினரையும் இழந்த பில்கிஸ் பானு அப்படித்தான் போனார். குஜராத் அரசு 2022 ஆகஸ்டில் விட்ட 11 பேரும் 2024 ஜனவரி 8 தீர்ப்பால் மறுபடி சிறைக்குப் போனார்கள். வழக்கு மகாராஷ்டிராவில் விசாரிக்கப்பட்டதால் முடிவெடுக்கும் அதிகாரம் அந்த அரசுக்குத்தான் என்பது முக்கியக் காரணம். கொலையாளிக்கு 14 வருடம் கழிந்துவிட்டது என்பதாலேயே உங்கள் வலி குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: தீர்ப்பில் ‘கழிவு இல்லாமல் 25 வருடம்’ என்று இருக்கிறது.

அப்படியானால் 14 வருடக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அப்படி விதிக்கலாம் என்று 2015-ல் ஸ்ரீஹரன் வழக்கில் முடிவானது. 161-வது பிரிவின் வழி மட்டும் திறந்தே இருக்கிறது.

கேள்வி: பட்டியலில் பெயர் சேர்க்க ஒருவர் 2 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. மனுவுக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். தீர்ப்பு நகலைக் கையோடு கொண்டு போங்கள்.