திட்ட அட்டவணை போடும் எம்எஸ் ப்ராஜெக்ட் மென்பொருளில் நாள் கணக்கைப் போட்டதும் ஆள் செலவு எகிறுகிறதே, எப்படி மதிப்பிடுவது?

நீங்கள் டியூரேஷன் (கால அளவு) பத்தியில் நாளை அடித்துவிட்டு, பக்கத்தில் ஆளின் பெயரைச் சேர்த்திருப்பீர்கள். பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த ஆள் அத்தனை நாளும் வேறெதையும் தொடாமல் அதே வேலையில் உட்கார்ந்திருப்பார் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். தினமும் 8 மணி நேரம், 100 சதவீதம். வேலை நேரம் = கால அளவு × யூனிட்ஸ் (ஆள் தன் நேரத்தில் எத்தனை சதவீதத்தை இந்த வேலைக்குத் தருகிறார் என்பது), அவ்வளவுதான் அதன் கணக்கு. அந்த வேலை நேரத்தை மணிக் கட்டணத்தால் பெருக்கித்தான் செலவு வருகிறது.

எனக்கு வேறொருவர் போட்ட ஷெட்யூல் ஒன்று கைக்கு வந்தது. அதில் 'ஒப்பந்தச் சட்ட ஒப்புதல்' 10 நாள், வக்கீல் 100 சதவீதம். அதாவது 80 மணி நேரக் கட்டணம்! அவர் அதைப் படிக்க 6 மணி நேரம் போதும். மீதியெல்லாம் ஃபைல் மேஜையில் கிடக்கிற நாட்கள். எங்கள் மேனேஜர், "3 நாள்னு குறைச்சிடுங்க, செலவும் குறைஞ்சிடும்" என்றார். நாளைக் குறைத்தால் ஃபைல் சீக்கிரம் வந்துவிடுமா? நான் மறுத்துவிட்டேன். டாஸ்க் டைப்பை ஃபிக்ஸ்டு டியூரேஷன் (கால அளவு மாறாது) என்று மாற்றி, அதற்குப் பிறகு ஒர்க் (வேலை நேரம்) பத்தியில் 6 மணி என்று அடித்தேன். கணக்குப்படி வக்கீலின் பங்கு வெறும் 7.5 சதவீதம். தேதி ஒன்றுகூட நகரவில்லை, செலவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. டைப்பை மாற்றாமல், ஃபிக்ஸ்டு யூனிட்ஸிலேயே (சதவீதம் மாறாது) விட்டு 6 மணி என்று அடித்திருந்தால் 10 நாள் முக்கால் நாளாகச் சுருங்கியிருக்கும். வரிசை முக்கியம்.

மறுநாள் கூட்டத்தில் மேனேஜர் இதைத் தன் யோசனையாகச் சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டார், அது வேறு கதை. அதே மனிதருக்குக் கான்ட் படத்தை (வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் படம்) வாராவாரம் கலரில், பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துத் தர வேண்டும். ஒருநாளும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

சரி, மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? வேலையைச் செய்யப் போகிறவரிடமே கேளுங்கள், அதுவும் மூன்று எண்களாக: எல்லாம் நன்றாகப் போனால், வழக்கமாக, சொதப்பினால். 4, 6, 14 என்று சொன்னால், நடு எண்ணை நான்கால் பெருக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுங்கள்: 7 மணி. பெர்ட் முறை என்பது இதுதான். பழைய காலத்துச் சூத்திரம் என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஒற்றை எண்ணைக் கேட்டால் எல்லாரும் 4 என்றுதான் சொல்வார்கள்.

கான்கிரீட் இறுகுவது போல ஆளே தேவைப்படாத காத்திருப்பு என்றால் யார் பெயரையும் போடாதீர்கள். டியூரேஷனில் 7ஈடி (7ed, அதாவது இடைவிடாமல் ஓடும் 7 நாள்) என்று அடித்தால் விடுமுறை நாளும் கணக்கில் சேரும்.

பிரிமாவேரா என்ற இன்னொரு அட்டவணை மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அங்கே பெயர்கள் வேறு, நான் சொன்னது எம்எஸ் ப்ராஜெக்ட்டுக்கு.

அப்புறம், ஓவர்டைம் கட்டணத்தை நிரப்பினால் மட்டும் போதாது. ஓவர்டைம் ஒர்க் என்ற பத்தியில் மணி நேரத்தைத் தனியாக அடிக்க வேண்டும். காலண்டரில் நேரத்தை நீட்டிவிட்டால் சாதாரணக் கட்டணத்தில்தான் கணக்குப் போடும்.