சீ.ஏ. 125 கூடினால் புற்றுநோய்தானா?

தங்கச்சி, கல்முனையிலிருந்து எழுதியிருந்தீர்கள்: அம்மாவின் நுரையீரலைச் சுற்றி நீர், இரத்தத்தில் சீ.ஏ. 125 (புற்றுநோயைத் தேடும்போது அளக்கும் ஒரு புரதம்) அதிகம், எடுத்த நீரில் புற்றுக்கலம் இல்லை, ஆனாலும் ஒருவர் "புற்றுநோய்தான்" என்றுவிட்டார். (சொன்னவர் வைத்தியரா, ஆய்வுகூடத்தில் நின்றவரா?) அந்த ஒற்றை எண்ணை வைத்து அப்படித் தீர்ப்பெழுத முடியாது. நெஞ்சறையின் உறை எதனால் உறுத்தப்பட்டாலும் சீ.ஏ. 125 ஏறும்; காசநோயில் ஏறும், இதயம் பலவீனமானாலும் ஏறும்.

அதற்காக, கலம் இல்லை என்று நிம்மதியடைந்துவிடவும் வேண்டாம். புற்றுநோயால் தேங்கிய நீரிலேயே முதல் பரிசோதனை 100 பேரில் ஏறக்குறைய 40 பேருக்குத் தவறிப்போகிறது. மறுமுறை நீரெடுத்துப் பார்த்தால் இன்னும் சிலரில் அகப்படும்.

இரத்தத்தை விட, அந்த நீரில் செய்யும் சோதனைகளைக் கேளுங்கள். ஏ.டி.ஏ. (காசநோயில் கூடும் ஒரு நொதியம்) லீட்டருக்கு 40 அலகுக்கு மேல் என்றால் காசநோயைத் தேடுவார்கள். சீ.ஈ.ஏ. (சில புற்றுநோய்களில் கூடும் ஒரு புரதம்) மிக உயர்ந்திருந்தால் புற்றுநோய்ச் சந்தேகம் வலுக்கும். குறைவாக இருந்தால் எதையும் விலக்காது. இரண்டும் திசைகாட்டும், அவ்வளவுதான். சந்தேகம் நீடித்தால் நுரையீரல் உறையிலிருந்து சிறு துண்டெடுத்துப் பார்ப்பதே வழி.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். பழைய அறிக்கைகளையும் ஸ்கேன் படங்களையும் கொண்டுபோங்கள். மூச்சுத்திணறல் கூடினால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கே போங்கள்.