டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) இருக்கும்போது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ரோல்பிளேயிங் ஆட்டங்களுக்குச் சிலர் ஏன் திரும்புகிறார்கள்? இது வெறும் இளமைக்கால ஏக்கம்தானா?

கேள்வியின் இரண்டாவது பாதி இல்லாதிருந்தால் இதை வாசித்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். "இளமைக்கால ஏக்கம்" என்ற குற்றச்சாட்டை நான் வசிக்கும், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் முதலில் சிரிப்பும் அடுத்து எரிச்சலும் வரும். 1981-இல், ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரமாக இருந்து மேசையைச் சுற்றி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெட்டியைப் பிறந்தநாள் பரிசாகப் பெற்ற ஓர் அமெரிக்கச் சிறுவன், ஐம்பது வயதைத் தாண்டியபின் அதே பெட்டியைத் தேடிப் போனால் அதை ஏக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். திருநெல்வேலிப் பக்கத்தில் தாயக்கட்டையைத் தவிர வேறு பகடையைப் பார்க்காமல் வளர்ந்து, முப்பது வயதுக்கு மேல் வேலை நிமித்தமாக விஸ்கான்சினுக்கு வந்து, அதன் பிறகே இருபது முகங்கள் கொண்ட பகடை ஒன்றைக் கையில் எடுத்த எனக்கு எதை நினைத்து ஏக்கம் வர முடியும்?

உங்கள் நண்பர் குழு டி அண்ட் டியின் ஐந்தாம் பதிப்பைத்தான் ஆடுகிறது என்றும், வேறு ஆட்டத்தின் பெயரை எடுத்தாலே "அதெல்லாம் கிழவர்கள் ஆடுவது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள் என்றும் ஊகிக்கிறேன். ஐந்தாம் பதிப்பை நான் இழிவுபடுத்த வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2014-இல் வந்த அந்தப் பதிப்புதான் இந்தப் பொழுதுபோக்கை இத்தனை கோடி மக்களிடம் கொண்டு சேர்த்தது. அது இல்லாவிட்டால் நானும் இதற்குள் வந்திருக்க மாட்டேன். நான் முதலில் உட்கார்ந்ததும் ஐந்தாம் பதிப்பு ஆடிய ஒரு மேசையில்தான்.

அது ஒரு கடையின் பின்னறையில் வாரந்தோறும் நடந்தது. சேரும்போதே என் பாத்திரத்தின் முன்கதையைச் சில பக்கங்களுக்கு எழுதி வரச் சொன்னார்கள். எழுதினேன், யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மேசையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குரலில் பேசினார்கள். ஒருவர் ஸ்காட்லாந்துக்காரரைப் போல, இன்னொருவர் கிசுகிசுப்பாக. என் முறை வந்தபோது, "நாங்கள் உப்பு வணிகர்கள் என்று காவலனிடம் சொல்லி, வண்டியின் பின்புறத்தை அவன் பார்க்காதபடி பேச்சுக் கொடுக்கிறேன்" என்றேன். "அப்படிச் சொல்லாதே, பேசிக் காட்டு" என்றார்கள். பேசிக் காட்டினேன். என் உச்சரிப்பைக் கேட்ட ஒருவர், தொலைக்காட்சித் தொடரில் வரும் ஓர் இந்தியப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிச் சிரிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த முறை பேசிக் காட்ட மாட்டேன் என்றபோது, "அப்படியானால் பகடையை உருட்டு" என்றார் ஆட்டத்தை நடத்தியவர். இருபதுக்கு நான்குதான் விழுந்தது, காவலன் நம்பவில்லை. நான் யோசித்து வைத்திருந்த பொய் நல்ல பொய்யா, அந்தக் காவலன் அதை நம்பக்கூடியவனா என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவே இல்லை.

இது அந்த மேசையின் குறையே தவிர விதிகளின் குறை அன்று என்று பின்னூட்டத்தில் எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: பாதி ஒப்புக்கொள்கிறேன். சிரித்தவர் எந்த ஆட்டத்திலும் சிரித்திருப்பார். ஆனால் பாத்திரத் தாளிலேயே இணங்கவைத்தல், ஏமாற்றுதல், துருவிப் பார்த்தல் என்று திறன்களை வரிசையாக அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், ஆடுபவர் யோசிப்பதற்கு முன் தாளைப் பார்ப்பது இயல்பு. அதோடு, தொழில்முறைக் குரல் நடிகர்கள் ஆடிக் காட்டும் இணைய ஒளிபரப்புகள் 2015-க்குப் பிறகு பெருகியதால், ஆடுவது என்றால் நடிப்பது என்ற எதிர்பார்ப்பும் பல மேசைகளில் வந்து உட்கார்ந்துவிட்டது. நடிப்புக்கும் பகடைக்கும் நடுவில், திட்டம் தீட்டத் தெரிந்த, ஆனால் ஆங்கிலத்தை வேற்று உச்சரிப்பில் பேசுகிற ஒருவனுக்கு இடம் குறைவு.

அந்த மேசையை விட்டபின், பொது நூலகத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நடத்திய ஆட்டத்துக்குப் போனேன். ஜென் கான் என்ற பெரும் ஆட்டத் திருவிழா 1985 முதல் 2002 வரை மில்வாக்கியில் நடந்ததால், இந்த ஊரில் இப்படிப்பட்ட பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் கையில் இருந்தவை டாம் மோல்ட்வே தொகுத்த 1981-ஆம் ஆண்டு டி அண்ட் டி அடிப்படை விதி நூலும், அதைத் தொடரும் டேவிட் குக்கின் நூலும். ஒவ்வொன்றும் 64 பக்கம். முன்கதை எதுவும் கேட்கவில்லை. மூன்று ஆறுமுகப் பகடைகளை ஆறு முறை உருட்டச் சொன்னார். விழுந்த எண்களை விழுந்த வரிசையிலேயே வலிமை, அறிவு முதலான ஆறு பண்புகளுக்கு எழுதிக்கொள்ள வேண்டும். அறிவு மட்டும் உயர்ந்து மற்றதெல்லாம் சுமாராக விழுந்ததால் மந்திரவாதி ஆனேன். அவனுக்கு 2 உயிர்ப்புள்ளி; அடிபட அடிபட அது குறையும், தீர்ந்தால் பாத்திரம் சாகும். நாளுக்கு ஒரே ஒரு மந்திரம், அது எதிரிகளை உறங்க வைக்கும் மந்திரம். மீதிப் பணத்துக்குத் தீப்பந்தங்கள், கயிறு, எண்ணெய்க் குப்பிகள் வாங்கினேன்.

சுரங்கத்துக்குள் போனதும் பெரியவர் ஒரு தாளில் கோடு கிழிக்கத் தொடங்கினார். ஆட்டத்துக்குள் கழியும் பத்து நிமிடத்துக்கு ஒரு கோடு. ஆறு கோட்டில் ஒரு தீப்பந்தம் அணையும். இரண்டு கோட்டுக்கு ஒரு முறை அவர் ஒரு பகடையை உருட்டி 1 விழுந்தால் ஏதோ ஒன்று எங்களைத் தேடி வரும். இந்தக் கணக்கு சலிப்பூட்டும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் நாங்கள் நால்வரும் அந்தத் தாளை எட்டிப் பார்த்தோம். என் ஒரே மந்திரத்தைப் பயன்படுத்திவிட்டுத் திரும்பும் வழியில் கோப்லின் என்ற குட்டி அரக்கர்களின் கூட்டம் ஒன்று எதிர்ப்பட்டது. பெரியவர் எல்லோரும் பார்க்க இரண்டு பகடைகளை உருட்டினார். 2 என்றால் உடனே தாக்கும், 12 என்றால் நட்புக் கொண்டாடும், விழுந்தது 9. "தாக்கவில்லை. நீங்கள் என்ன தருவீர்கள் என்று பார்க்கிறார்கள்," என்றார்.

நான் எந்தக் குரலையும் வரவழைக்கவில்லை. இரண்டு தீப்பந்தங்களைத் தருவதாகச் சொன்னேன். "அவர்களுக்கு இருட்டில் கண் தெரியும், தீப்பந்தம் எதற்கு?" என்று கேட்டார் பெரியவர். சரி, அவர்களுக்கு யாரைக் கண்டு பயம் என்று கேட்டேன். கீழ்த்தளத்து ஓகர் என்ற பெரிய அரக்கன் ஒன்று அவர்களிடம் கப்பம் வாங்குவதாகத் தெரிந்தது. உடனே என் எண்ணெய்க் குப்பிகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, அடுத்த முறை அந்த ஓகர் வந்தால் இதை ஊற்றிக் கொளுத்துங்கள், பதிலுக்கு அது வேட்டைக்குப் போகும் நேரத்தைச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்றார். இணங்கவைக்கும் திறன் எனக்கு எத்தனை என்று கேட்கவில்லை, என்னிடம் அப்படியோர் எண்ணும் இல்லை. ஓகர் வெளியே போன நேரத்தில் அதன் பொக்கிஷத்தை ஒரு வாள்வீச்சுக்கூட இல்லாமல் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்த விதிகளில் ஊருக்குக் கொண்டு வந்து சேர்க்கும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி; அரக்கர்களைக் கொன்று கிடைப்பது அதன் பக்கத்தில் சொற்பம். ஆகவே சண்டையைத் தவிர்ப்பவனே புத்திசாலி. குழுவின் திருடன் இரண்டாம் லெவலுக்கு ஏறிவிட்டான். மந்திரவாதிக்கு 2500 புள்ளி வேண்டும் என்பதால் நான் பாதி வழியில் நின்றேன்.

சில வாரங்கள் கழித்து எங்களுக்கும் அந்தக் கோப்லின்களுக்கும் பகை மூண்டது. அவர்கள் மேல்தட்டிலிருந்து வீசியது நான் கொடுத்த எண்ணெயை. எரியும் எண்ணெய் ஓர் எட்டுமுகப் பகடை அளவுக்குச் சேதம் செய்யும். என்னிடம் இருந்தது 2 புள்ளி. மேசையே சிரித்தது, எல்லோரையும்விட அதிகமாக நான் சிரித்தேன். முதல் மேசையில் கேட்ட சிரிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பழைய ஆட்டங்களின் இந்த மீட்சி எப்படித் தொடங்கியது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கிய டி அண்ட் டியை 1974-இல் வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம், இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள லேக் ஜெனீவாவில் இருந்தது. அதை 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற நிறுவனம் வாங்கியது. 1999-இல் அந்த நிறுவனத்தை ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் வாங்கியது. 2000-இல் மூன்றாம் பதிப்போடு, அதன் விதிகளின் பெரும்பகுதியைப் பிறரும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமமும் வந்தது. பழைய பதிப்புகள் அப்போது அச்சில் இல்லை. ஆட்ட முறைக்குப் பதிப்புரிமை இல்லை, அதை எழுதிய வாசகங்களுக்கே உண்டு என்ற அமெரிக்கச் சட்டநிலையையும் இந்த உரிமத்தையும் துணைக்கொண்டு, ஸ்டூவர்ட் மார்ஷலும் மேட் ஃபின்ச்சும் 2006-இல் டி அண்ட் டியின் பழைய, விரிவான வடிவமான 'அட்வான்ஸ்டு' விதிகளைப் புதிய சொற்களில் எழுதி 'ஆஸ்ரிக்' என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார்கள். பிறகு இதே வழியில் லாபிரிந்த் லார்ட், சுவர்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி என்று வரிசையாக வந்தன. 1981-ஆம் ஆண்டு விதிகளைச் சீராக அடுக்கித் தந்த கேவின் நார்மனின் 'ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்' 2019-இல் வந்தது.

2023 ஜனவரியில் அந்தத் திறந்த உரிமத்தை மாற்றும் வரைவு ஒன்று கசிந்தபோது எழுந்த எதிர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த மாத இறுதியிலேயே விசார்ட்ஸ் நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை, எவரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. என்றாலும் ஒரே நிறுவனத்தின் கையெழுத்தை நம்பி ஒரு பொழுதுபோக்கு முழுவதும் நிற்கிறது என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தார்கள். அடுத்த சில மாதங்களில் கெல்சி டியானின் பழைய பாணி ஆட்டமான 'ஷேடோடார்க்', கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் 13 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அதில் தீப்பந்தம் மேசையில் இருப்பவர்களின் கடிகாரப்படி ஒரு மணி நேரம் எரியும். தேநீர் போட எழுந்து போனாலும் எரிந்துகொண்டிருக்கும்.

பழைய ஆட்டம் என்றால் பழைய டி அண்ட் டி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கென் செயின்ட் ஆண்ட்ரேவின் 'டன்னல்ஸ் அண்ட் ட்ரால்ஸ்' 1975-இலேயே சாதாரண ஆறுமுகப் பகடையை மட்டும் வைத்து ஆடும்படி வந்தது. ஸ்வீடனில் ஒரு தலைமுறைக்கு முதல் ஆட்டம் 1982-இல் வந்த 'டிராகர் ஓக் டெமோனர்'. அதன் புதிய வடிவம் 'டிராகன்பேன்' என்ற பெயரில் 2023-இல் ஆங்கிலத்திலும் வந்து நன்றாக ஓடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது மார்க் மில்லரின் 'டிராவலர்', 1977. விண்வெளி ஆட்டமான அதில் உங்கள் பாத்திரம் ஆட்டம் தொடங்குமுன்பே, கடற்படைச் சேவைக் காலத்துக்கான பகடை சரியாக விழாமல் இறந்துபோகலாம். பிழைத்து வந்து கப்பல் வாங்கினால் மாதத் தவணை, 480 மாதங்கள். வீட்டுக் கடன் கட்டுகிற என்னைப் போன்றவனுக்கு இதைவிட நெருக்கமான சாகசம் கிடையாது.

பழையதெல்லாம் பொன் என்றும் நான் சொல்லவில்லை. 1978-ஆம் ஆண்டு அட்வான்ஸ்டு விதிநூல் பெண் பாத்திரங்களின் உடல்வலிமைக்கு ஆண்களைவிடக் குறைந்த உச்சவரம்பு விதித்திருந்தது; இன்று அதை எடுத்துப் போற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேசையில் நான் உட்கார மாட்டேன். 1980-இல் வந்த கடவுளர் தொகுப்பில் இந்திரனுக்கும் காளிக்கும் விஷ்ணுவுக்கும்கூட உயிர்ப்புள்ளி கொடுத்திருக்கிறார்கள். நான் மகிழ்வேன் என்று நினைத்து ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். எத்தனை புள்ளி அடித்தால் விஷ்ணு சாவார் என்று பார்த்துவிட்டு நூலை மூடிக் கொடுத்தேன். இன்னொரு மனக்குறையும் உண்டு. இந்த மறுமலர்ச்சியில் அச்சாகும் துணியட்டைப் பதிப்புகளையும் கையெழுத்திட்ட சிறப்புப் பிரதிகளையும் வாங்கி, உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, ஆடக் கூப்பிட்டால் நேரமில்லை என்பவர்கள் ஏராளம். அவர்களால் விலை ஏறுகிறது, மேசைக்கு ஆள் சேருவதில்லை.

நீங்கள் தொடங்க விரும்பினால் பணம் செலவழிக்காதீர்கள். பழைய பாணி ஆட்டமான 'பேசிக் ஃபேண்டஸி' முழு நூலும் இலவச பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது. 'கெய்ர்ன்' அதைவிடச் சிறியது, அதுவும் இலவசம். உங்கள் நண்பர்களை ஐந்தாம் பதிப்பை விட்டுவிடச் சொல்லாதீர்கள், சண்டைதான் வரும். நடத்துபவர் வராத ஒரு வாரத்தைப் பார்த்து, ஒரே ஓர் இரவு ஆட்டம் என்று கேளுங்கள். எதிரிகள் உங்கள் பலத்துக்கு ஏற்ப அளந்து வைக்கப்பட்டவர்கள் அல்லர், ஓடுவதும் ஒரு வழி என்று தொடங்குமுன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் தொடங்கிய பல ஆட்டங்கள் மனக்கசப்பில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். எதிர்ப்படும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்த இரண்டு பகடைகளை எல்லோரும் பார்க்க உருட்டுங்கள். அதையும் மீறி முதல் அறையிலேயே எல்லோரும் வாளை உருவினால் உருவட்டும், அடுத்த பாத்திரத்தை எழுதப் பத்து நிமிடம் போதும்.