கயிறு அல்ல, காலரி

கேள்வி: சர்க்கஸில் உயிருக்கு ஆபத்தான இடம் கயிறுதானே? அந்தக் காலத்தில் அதன் மேல் நடந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்களேன்.

பதில்: ஆபத்தான இடம் கயிறு அல்ல, காலரி! டிக்கெட் வாங்கியவர் நம்பி உட்காரும் மரப்பலகை.

வில்லியம் டார்பி இங்கிலாந்தின் நார்விச்சில் பிறந்த கறுப்பினத்தவர். வில்லியம் பேட்டியின் சர்க்கஸில் தொழில் பழகி, குதிரைச் சவாரியிலும் கயிற்றாட்டத்திலும் பேர் வாங்கினார். பாப்லோ ஃபான்க் என்று பெயர் வைத்துக்கொண்டு, பிரிட்டனின் முதல் கறுப்பின சர்க்கஸ் முதலாளியாகவும் உயர்ந்தார். பிள்ளைகளையும் தொழிலில் இறக்கினார்.

1848 மார்ச் 18, லீட்ஸ் நகரம். கோமாளி வாலெட்டுக்காக நடந்த சிறப்புக் காட்சி, அரங்கில் நெரிசல். பாப்லோவின் மகன் கயிற்றின் மேல் ஆடிக்கொண்டிருக்கிறான். எல்லார் கண்ணும் அவன் காலடியில். அப்போது சுமார் 600 பேர் இருந்த பகுதி மடமடவென்று சரிந்தது. கீழே நுழைவிடத்தில் நின்றிருந்த பாப்லோவின் மனைவி சுசானாவின் பிடரியில் இரண்டு கனத்த பலகைகள் விழுந்தன. பாப்லோ ஓடி வந்து மரங்களைப் புரட்டி, அவரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மதுவிடுதிக்குப் போனார். உயிர் எப்போதோ போயிருந்தது. அந்த அமளியிலும் எவனோ 50 பவுண்டுக்கு மேல் பணம் இருந்த வசூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தத் திருடன் மேல் எனக்குக் கோபம் தணியவில்லை.

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று உண்டு. நயாகராவைக் கயிற்றில் கடந்த பிளாண்டின், 1861இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் தன் 5 வயது மகள் அடேலை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து உயரக் கயிற்றில் தள்ளிக்கொண்டு போனார். கூச்சல் எழுந்தது, உள்துறை அமைச்சர் தலையிட்டு நிறுத்தினார். நல்ல காரியம், சந்தேகமில்லை. கண்ணெதிரே அந்தரத்தில் ஒரு குழந்தை தெரிந்தால் அரசாங்கத்துக்குப் பதறுகிறது. காலரிக்கு அடியில் முட்டுக்கட்டை போதுமா என்று குனிந்து பார்க்க மட்டும் ஆள் கிடைப்பதில்லை. சர்க்கஸ் முதலாளி என்ற பொறுப்பிலிருந்து பாப்லோவையும் விடுவிக்க எனக்கு மனமில்லை.

நம் ஊர்ப் பொருட்காட்சித் திடல்களைப் பற்றி இதே பக்கத்தில் ஓயாமல் எழுதி வருகிறேன். காலரிக்கு அடியில் புகுந்து ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்த பொறியாளர், தன் பெயரையும் தேதியையும் எழுதி டிக்கெட் கவுன்ட்டரில் ஒட்டட்டும். அதற்குப் பிறகு முதல் டிக்கெட்டைக் கிழியுங்கள்.