வார்டுல பேஷன்ட் அழுதாலும் எனக்கு ஒண்ணும் தோணல, கல்நெஞ்சு ஆயிட்டேனா?

இல்ல, ஆகல. வார்டுல ஒரு பாட்டி அழுதப்போ கேஸ் ஹிஸ்டரி (நோய் விவரம் கேட்டு எழுதுறது) முடிஞ்சா போதும்னு இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, அது உறுத்தித்தானே இங்க வந்து கேக்குறீங்க, உறைஞ்சு போனவங்களுக்கு அந்த உறுத்தலே வராது.

நீங்க மெடிக்கல் மூணாம் வருஷம்னு சொன்னதும் புரிஞ்சிடுச்சு. பிலடெல்பியாவுல ஜெஃபர்சன் மெடிக்கல் காலேஜ் பசங்ககிட்ட அடுத்தவங்க கஷ்டத்த புரிஞ்சுக்கிற மனசு (எம்பதி) எவ்வளவு இருக்குன்னு வருஷா வருஷம் 20 கேள்வி குடுத்து அளந்து 2009ல வெளியிட்டாங்க, முதல் ரெண்டு வருஷம் பெருசா மாறல, வார்டுக்குள்ள போற மூணாம் வருஷம்தான் ஸ்கோர் இறங்குது. தூக்கம் கெடுறது, வைவா (வாய்மொழித் தேர்வு) பயம், அதோட சீனியர்ங்க "பெட் 14"னு ஆளக் கூப்பிடுறது நமக்கும் ஒட்டிக்கும், எனக்கு இதுதான் பெரிய காரணமா படுது.

ஒரு வாரம் தினம் ஒரே ஒரு பேஷன்ட்கிட்ட நோட்டு இல்லாம உக்காந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, எது ரொம்ப பயமா இருக்குன்னு கேட்டுட்டு அஞ்சு நிமிஷம் குறுக்க பேசாம கேளுங்க. மனசுக்குள்ள ஏதாவது அசைஞ்சா இது வெறும் அலுப்புதான்.

ஆனா வீடு, ஃப்ரெண்ட்ஸ், பிடிச்ச சாப்பாடுன்னு எதுலயுமே மனசு ஒட்டாம ரெண்டு வாரம் தாண்டிடுச்சுன்னா அது டிப்ரஷனா இருக்கலாம், தள்ளிப்போடாம சைக்கியாட்ரிஸ்ட்ட பாருங்க, காலேஜ்ல காட்ட கூச்சமா இருந்தா 14416க்கு கூப்பிடுங்க, அது டெலி மனாஸ்னு அரசு மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம்.