காரை இழுத்துப்போனதற்கு அநியாயக் காசு கேட்டால்?

மாங்குளத்தில் நின்றுபோன காரை வவுனியா கராஜுக்கு இழுத்தவர்கள் கேட்கும் காசு நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பில்லைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: ஏற்றுகூலி, கிலோமீற்றர், தரிப்புக் காசு. ஏ9 வீதியால் ஏறத்தாழ 45 கிலோமீற்றர்தான், வவுனியாவிலிருந்து லொறி வந்து திரும்பினால் 90, அது சரி, அதற்குமேல் போட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள். முழுக் காப்புறுதி என்றால் பத்திரத்தைப் பாருங்கள், இழுவைச் செலவு ஒரு வரம்புவரை அதில் இருக்கக்கூடும், ஆனால் பற்றுச்சீட்டு இல்லாமல் போய் நிற்காதீர்கள். கோபத்தில் காரை அங்கே விட்டுவிட்டு வந்தால் தரிப்புக் காசுதான் ஏறும். பில்லிலேயே ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று எழுதி, படம் எடுத்து, காரை எடுங்கள். அப்புறம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறையிடலாம், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்கும் போகலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை.