சமைக்கிறன் என்று சொல்கிற மாதிரியே சொல்லுங்கள்

கேள்வி: அக்கா, நான் கல்லடியில் இருக்கிறேன். பாரிஸில் இருக்கிற என் அக்காவின் பிள்ளையோடு பேசுவதற்காக ஆறு மாதமாகப் பிரெஞ்சு படிக்கிறேன். ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தருகிற புத்தகம்தான் கையில் இருக்கிறது. போன கிழமை வாட்ஸ்அப்பில் மகன் “என்ன செய்றீங்க சித்தி?” என்று பிரெஞ்சில் கேட்டான். ‘ஐ ஆம் குக்கிங்’ என்பதை நினைத்து “ஜெ சுயி குயிஸினான்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகு வாய் திறக்கவே வெட்கமாக இருக்கிறது.

பதில்: தங்கச்சி, ‘ஐ ஆம்’ இருக்கிற இடத்தில் ‘ஜெ சுயி’, ‘இங்’ இருக்கிற இடத்தில் ‘ஆன்’ என்று மாற்றிப்போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம் வழியாகப் படிக்கிற பலரும் முதலில் இப்படித்தான் சொல்வார்கள். பிரெஞ்சில் அந்த அமைப்பே கிடையாது. ‘ஜெ குயிஸின்’ போதும். தினமும் சமைக்கிறேன் என்பதற்கும் அதுதான், இப்போது அடுப்படியில் நிற்கிறேன் என்பதற்கும் அதுதான்.

இது நமக்குப் புதிதா? பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் “என்ன பிள்ள செய்றாய்?” என்று கேட்டால் “சமைக்கிறன்” என்று சொல்லிவிட்டுப் போகிறோமே! ஆங்கிலத்தைச் சுற்றிப் போகாமல் தமிழிலிருந்து நேராகப் போங்கள், பாதி வழி குறையும்.

அதே மாமி திரும்பவும் கூப்பிட்டால், “சமைச்சுக்கொண்டு நிக்கிறன் மாமி, பிறகு வாறன்” என்போம். கை வேலையாக இருக்கிறது, இப்போது முடியாது என்ற அழுத்தம் அதில் இருக்கிறது. அந்த இடத்துக்குத்தான் பிரெஞ்சில் ‘ஜெ சுயி ஆன் த்ரன் தெ குயிஸினே’. ‘த்ரன்’ என்றதும் உங்களுக்கு உதயதேவி ரயில் ஞாபகம் வரலாம். ரயிலுக்கும் அதே சொல்தான், ஆனால் இங்கே ஒரு வேலையின் ஓட்டத்தில் இருப்பதைக் குறிக்கிறது. புத்தகத்தில் பார்த்துவிட்டு ஒவ்வொரு வசனத்திலும் இதைப் போடாதீர்கள். நாமும் எல்லாவற்றுக்கும் ‘கொண்டு நிக்கிறன்’ சொல்வதில்லையே.

நடந்து முடிந்த நேரத்தைச் சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும். ‘சமைத்துக்கொண்டிருந்தேன், போன் வந்தது’ என்றால் முதல் பாதி ‘ஜெ குயிஸினே’. ‘சமைப்பேன், சமைப்பது வழக்கம்’ என்று பழைய நாட்களைச் சொல்லவும் அதே வடிவம்தான்.

இன்னொன்றை நான் முக்கியமாக நினைக்கிறேன். “ஆறு மாதமாகப் படிக்கிறேன்” என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இதையே ஆங்கிலத்தில் சொல்ல ‘ஹேவ் பீன்’ என்று நீட்ட வேண்டும். பிரெஞ்சில் நம்மைப் போலவே நிகழ்காலம்: ‘ஜாப்ரான் லெ ஃப்ரான்ஸே தெபுயி ஸி முவா’. நம்முடைய ‘ஆக’ செய்கிற வேலையை ‘தெபுயி’ செய்கிறது. ஆங்கிலத்தை நினைத்து ‘ஜே அப்ரி… பான்தான் ஸி முவா’ என்று சொன்னீர்களோ, ஆறு மாதம் படித்தேன், அதோடு முடிந்தது என்று அர்த்தமாகிவிடும். நீங்கள் விடவில்லையே!

அப்புறம், அந்த ‘ஆன்’ விகுதியை வீசிவிட வேண்டாம். முன்னால் இன்னொரு ‘ஆன்’ சேர்த்தால் ‘கேட்டுக்கொண்டே’, ‘பார்த்துக்கொண்டே’ என்பது வரும். அடுத்த முறை மகன் கேட்டால், வெட்கப்படாமல் இப்படிச் சொல்லுங்கள்: “ஜெ குயிஸின் ஆன் எக்கூத்தான் லா ரதியோ.” ரேடியோ கேட்டுக்கொண்டே சமைக்கிறன்.